ஐஸ் வண்டி போகும்வரை

போர்டில் ஒன்பதரை என்று போட்டிருக்கும், ஆனால் ஐஸ் வண்டி போகும்வரை கீழேதான் இருக்கும் தம்பி. இதைத்தான் சொன்னேன். கூட ஒரு சொல் இல்லை, குறைய ஒரு சொல் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒன்பதரை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். தம்பி என்றாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வாளி நிரம்பி வழிந்து பாதத்தை நனைத்த பிறகுதான் அவள் குழாயை மூடினாள். மூன்று மாதமாக இப்படித்தான். பல் துலக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, பேருந்தில் சில்லறை தேடும்போது அந்த வாக்கியம் வந்து நின்றுவிடும். அதை வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பாள். எப்படிச் சொன்னாலும் அந்தத் 'தம்பி' மட்டும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரென்றே தெரியாத ஒருவனை அவள்தான் தம்பி ஆக்கிக்கொண்டாள். அவன் கேட்கவில்லை.

அடுத்த அறையில் கணவன் தன் கண்டக்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"மூணு மணிக்குத்தானே விசாரணைக் கமிட்டி?" என்றான் தலையைத் தூக்காமல்.

"ஆமா."

"சூப்பர்வைசர் பேப்பர் கொண்டு வருவாரு. கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடு. அங்க போயி உன் நேர்மையெல்லாம் கடை விரிக்காத. என் பஸ்ல டிக்கெட் எடுக்காதவன்கூட உன்ன மாதிரி முழிக்க மாட்டான். உன் மூஞ்சியப் பாத்தாலே நாலு கேள்வி கூடக் கேப்பான்."

வழக்கமாக இதற்கு அவள் ஏதாவது திருப்பிக் கொடுப்பாள். இன்று துண்டைத் தோளில் போட்டபடி வாசற்படியில் நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த ஆளு என்கிட்ட வழி கேட்டான்னு போலீஸ்ல சொன்னேன்ல. அவன் வழி கேக்கல. தூண் எப்ப மேல வரும்னு கேட்டான்."

அவன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். சட்டையின் ஒரு கை மட்டும் சுருக்கத்தோடு கிடந்தது.

"நீ என்ன சொன்ன?"

சொன்னாள். மூன்று மாதமாக வாய்க்குள் உருண்ட வாக்கியம் வெளியே வந்தபோது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அவன் இஸ்திரிப்பெட்டியின் வயரைச் சுற்றி வைத்தான். பிறகு, "யார் யாருக்குத் தெரியும்?" என்றான்.

"உங்களுக்குத்தான்."

"அப்ப என்னோட நிக்கட்டும். இங்க பாரு. நான் ஒரு நாளைக்கு நூறு பேருக்குப் பதில் சொல்றேன். எந்த ஸ்டாப்பு, எப்பப் போகும், எங்க எறங்கணும். கேட்டா சொல்றதுதான். கேக்கறவன் நெஞ்சத் தொறந்து பாத்துட்டா சொல்ல முடியும்?"

அவன் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. சரியாக இருந்தும் அது அவளுக்குள் போய் உட்காரவில்லை. ஒரு கை சுருங்கியபடியே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, "சாப்ட்டுட்டுப் போ," என்றான்.

அவள் வேலை பார்க்கும் அறை கடைத்தெருவின் முனையில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். மேசையில் இரண்டு பொத்தான்கள். கீழே சாலையின் குறுக்கே நான்கு இரும்புத் தூண்கள். பச்சையை அழுத்தினால் அவை தரைக்குள் இறங்கும். சிவப்பை அழுத்தினால் இடுப்பு உயரத்துக்கு ஏறி வரும், ஏறி முடிக்கப் பதினொரு விநாடி ஆகும். காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை சரக்கு வண்டிகளுக்கு, அதன் பிறகு நடப்பவர்களுக்கு. தெருக்காரர்கள் அவளைக் 'கேட்டம்மா' என்றார்கள். கேட் எதுவும் கிடையாது என்று முதல் வருடத்தில் சொல்லிப் பார்த்தாள். பதினைந்து வருடம் ஆகிவிட்டது.

விதிப்படி ஒவ்வொரு வண்டி நுழைந்ததும் தூண்களை ஏற்ற வேண்டும், அடுத்ததற்கு இறக்க வேண்டும். அப்படிச் செய்தால் எட்டு மணிக்கெல்லாம் மோட்டார் கொதித்து, எண்ணெய் தீயும் வாடை மாடிவரை வரும். மோட்டார் போனால் சரிசெய்ய மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் தெரு திறந்தே கிடக்கும். அதனால் எட்டு மணிக்கு மேல் கீழேயே விட்டுவிடுங்கள், கடைசி வண்டி வெளியேறியதும் ஒரேயடியாக ஏற்றுங்கள் என்று மேற்பார்வையாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் எல்லாத் தெரு முனைகளிலும் அதுதான் நடைமுறை. இந்தத் தெருவின் கடைசி வண்டி ஐஸ் வண்டி. அதன் டிரைவர் மீன்கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டு முடிக்காமல் ஒருநாளும் கிளம்பியதில்லை.

மூன்று மாதம் முன்பு, அன்று மணி ஒன்பது நாற்பது. சண்டை இன்னும் முடியவில்லை. அவள் ஜன்னலிலிருந்து எட்டி, தூண்களுக்கு அருகே உட்கார்ந்திருந்த ஜிப்பக்காவைப் பார்த்தாள். பைகளுக்கும் பெட்டிகளுக்கும் ஜிப் மாற்றித் தருகிறவள். காலையில்தான் ஜிப் மாற்ற அவளிடம் தன் கைப்பையைக் கொடுத்திருந்தாள். "ஐஸ்காரன் வாய்க்கு ஒரு ஜிப் போடக் கூடாதா?" என்று மேலிருந்து கத்தினாள். "அந்த சைஸ்ல வர்றதில்ல கேட்டம்மா!" என்று கீழேயிருந்து பதில் வந்தது. ஜிப்பக்கா சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

வெள்ளை லாரி வந்தது. தாமதமாக வரும் காய்கறி லோடு என்று நினைத்தாள். திருப்பத்தில் வேகம் குறைய வேண்டும். குறையவில்லை. அவள் கை சிவப்பை அழுத்தியபோது லாரியின் முன்சக்கரம் தூண்களைத் தாண்டியிருந்தது. தெரு முழுக்க ஆட்கள். லாரி நேராகவும் போகவில்லை. ஆட்கள் எந்தப் பக்கம் ஓடினார்களோ அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் போனது. அதைப் பார்த்தபோதுதான் இது பிரேக் பிடிக்காத வண்டி இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

லாரிக்குப் பின்னால் நான்கு தூண்களும் சொன்ன நேரத்தில், பதினொரு விநாடியில், மேலே வந்து நிமிர்ந்து நின்றன. முதல் ஆம்புலன்ஸ் வந்து அவற்றின் முன்னால் நின்று அலறியது. அவள்தான் பச்சையை அழுத்தினாள்.

ஒன்பது பேர். அஞ்சலிச் சுவரொட்டியில் ஒன்பது முகங்களும் இப்போது தூண்களுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தன. ஜிப்பக்காவின் படத்தில் அவள் சிரிக்கவில்லை. வாழ்நாளில் அவள் சிரிக்காமல் இருந்த ஒரே நிமிடத்தில் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள்.

லாரி ஓட்டியவனைத் தெருக்கோடியில் போலீஸ் சுட்டது. எதற்காகச் செய்தானென்று அவன் எழுதி வைத்த காகிதத்தைத் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். அவள் அதைக் கேட்கவில்லை, அணைத்துவிட்டாள். அவனுடைய காரணங்களுக்குத் தன் தலைக்குள் இடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். தன் பங்குக்கே அங்கே இடம் போதவில்லை. சம்பவத்துக்கு முந்தைய வாரம் மூன்று நாள் காலையில் அவன் காகிதக் கோப்பையோடு ஜன்னலுக்குக் கீழே நின்றது கேமராவில் இருந்தது. மூன்றாம் நாள் நிமிர்ந்து ஏதோ கேட்பதும், அவள் குனிந்து பதில் சொல்வதும் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை. என்ன கேட்டான் என்று போலீஸ் கேட்டபோது, வழி கேட்டான் என்றாள். பயத்தில் வந்த பொய். பிறகு அதை அவள் மாற்றவில்லை.

இன்று எட்டரைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் தூண்களின் மூடியைத் திறந்து குனிந்திருந்தார். இந்தத் தெருவில் இப்போது தூண்கள் நாள் முழுக்க மேலேதான். சரக்கைத் தள்ளுவண்டியில் இறக்கி எடுத்துப் போகிறார்கள். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் பார்க்க வேண்டும்.

"வாங்கம்மா. கமிட்டி இன்னைக்குத்தானே? நம்ம மோட்டார்தான் குத்தவாளியாம். வாயில்லாத ஜீவன், எத்தன பழி போட்டாலும் தாங்கும்."

"நீங்க அதுக்கு முந்தின நாள்தானே பாத்து, நல்லா இருக்குன்னு அட்டையில எழுதினீங்க?"

"எழுதினேன். அட்டையக் காணோமாம்." துணியில் கையைத் துடைத்தார். "எனக்கும் வருத்தந்தான். என்ன பண்ண, இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. உங்களுக்கும் நல்லது, எனக்கும் ஒண்ணும் பெரிசா வராது. 'இடைவிட்ட கோளாறு'ன்னு எழுதியிருக்காங்க, அப்பப்ப வந்து போற கோளாறாம். அது கடவுள் மாதிரி, யாரும் பாத்ததில்ல."

அவள் சிரிக்காததைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். "இத முடிச்சிட்டுப் பூங்கா முனைக்குப் போகணும். அங்க புதுசா ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, சொன்னாக் கேக்குது. எட்டு மணிக்கு மேல கீழ விட்டுடும், மோட்டார் ஜில்லுன்னு இருக்கு."

"கீழ விட்டுடுதா?"

"ஆமாம்மா."

"இப்பவுமா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு மாசம் எல்லாரும் பயந்துபோயி ஏத்தி எறக்கினாங்க. மூணு எடத்துல மோட்டார் போச்சு. அப்புறம் பழையபடிதான். மாத்தச் சொல்லி எழுத்துல எதுவும் வரலியே."

அவள் மாடிக்குப் போகவில்லை. கைப்பையை இடுக்கிக்கொண்டு நடந்தாள். பை வாய் மூடாது. போலீஸ் திருப்பிக் கொடுத்தபோது ஜிப் பாதிதான் மாற்றியிருந்தது, இழுக்கும் ஓட்டி ஒரு பக்கம் மட்டும் கோத்திருந்தது. வேறு ஆளிடம் கொடுத்து முடித்துவிடலாம். அவள் ஊக்கு குத்தி வைத்திருந்தாள்.

பூங்கா முனை பதினைந்து நிமிட நடை. அவள் போனபோது மணி ஒன்பது ஐந்து. நான்கு தூண்களின் தலைகளும் தரையோடு தரையாக, தேய்ந்த தட்டுகள் போலக் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி போனாள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு தூணின் தலையிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. உள்ளே கடைகளின் முன்னால் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சாலையின் ஓரத்தில், அந்த லாரிக்காரன் இங்கே வந்திருந்தால் நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்றாள். நின்ற பிறகுதான் தான் அங்கே நிற்பது அவளுக்கு உறைத்தது. உடம்பு கூசியது. ஆனாலும் நகரவில்லை.

மேலே ஜன்னலில் ஒரு பெண் கையில் ரொட்டித் துண்டோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தி மூன்று, இருபத்தி நான்கு வயதிருக்கும்.

"ஏம்மா, இந்தத் தூணெல்லாம் எப்ப மேல வரும்?"

"போர்டுல ஒன்பதரைக்கா," என்றாள் அந்தப் பெண் மென்றுகொண்டே. "ஆனா பால் வண்டி போறவரைக்கும் கீழதான் இருக்கும். ஏன்க்கா, வண்டி எதுவும் வரணுமா?"

எவ்வளவு இனிமையாகச் சொல்கிறாள். அக்கா வேறு. இத்தனை நாள் தான் செய்தது தன் ஒருத்தியின் நாக்குப் பிழை என்று நினைத்திருந்தாள். ஒரு வகையில் அதை யாருக்கும் கொடுக்காமல் தனக்கே தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். துக்கத்தில் அப்படி ஒரு கஞ்சத்தனம் உண்டு. இப்போது அதே வாக்கியம் வேறொரு ஜன்னலிலிருந்து, வேறொரு வாயிலிருந்து, ரொட்டித் துணுக்கோடு வந்து விழுகிறது.

"ஏத்தி வைம்மா," என்றாள்.

"அய்யோ, மோட்டார் சூடாயிடும்க்கா. மெமோ குடுப்பாங்க." பிறகு அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். "நீங்க கடைத்தெரு முனை அக்காவா? டிவியில பாத்தேன்." குரல் தணிந்தது. "பாவம்க்கா நீங்க. மிஷின் காலை வாரிட்டா நாம என்ன பண்ண முடியும்? எங்களது பரவாயில்ல. போன வாரங்கூட மெக்கானிக் பாத்தாரு. எங்க மிஷின் நல்லா இருக்கு."

பால் வண்டி உள்ளேயிருந்து வந்தது. டிரைவர் மேலே பார்த்துக் கையசைத்தார். அந்தப் பெண் சிவப்பை அழுத்தியிருக்க வேண்டும். தரைக்கடியில் மெல்லிய உறுமல் கேட்டது. அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணி முடிப்பதற்குள் எதிர்ச்சாலையில் இரண்டு லாரிகள் கடந்து போயின. அவை எங்கோ தங்கள் பாட்டுக்குப் போகும் லாரிகள். பதினொன்றில் தூண்கள் நிமிர்ந்து நின்றன.

திரும்பி நடக்கும்போது கால்கள் தாமாகவே வேகம் எடுத்தன. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வேலை போனால் வாடகை இருக்கிறது. போலீஸிடம் சொன்ன பொய் இருக்கிறது. ஒன்பது குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் யாராவது எழுந்து நின்று, நீயா சொன்னாய் என்று கேட்டால் என்ன முகத்தோடு நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. முக்கியமாக ஜிப்பக்காவின் மகள். வாரம் ஒருமுறை சுவரொட்டியின் தூசியைத் துடைக்க வருகிறவள், மாடியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போகிறவள். அந்தத் தலையசைப்பு இனி வராது. அதை நினைத்தபோது மட்டும் நடை ஒருமுறை தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கொஞ்சநேரம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லிஃப்ட் வைக்கச் சொல்லி எட்டு வருஷமா எழுதறேன்," என்றார். "நம்ம ஆபீஸ்ல வாயால சொன்னாத்தான் வேலை நடக்கும், எழுதினா நடக்காது." சொன்ன பிறகு தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

அவள் படித்தாள். காலை ஒன்பது முப்பதுக்கு நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இடைவிட்ட கோளாறு காரணமாகத் தூண்கள் உடனே எழவில்லை. பதினொரு நிமிடம் கழித்தே எழுந்தன. கீழே அவள் பெயர் தட்டச்சு செய்யப்பட்டு, மேலே ஒரு கோடு காலியாக விடப்பட்டிருந்தது.

"ஒன்பதரைக்கு நான் அழுத்தல சார்."

"தெரியும்மா."

"ஐஸ் வண்டி உள்ள இருந்துச்சு."

"தெரியும்மா. கீழ விடச் சொன்னது யாரு? நான். அத மறைக்கறதுக்கு மட்டும் வந்திருக்கேன்னு நெனைக்காதீங்க. அதுவும் இருக்கு, இல்லங்கல. ஆனா உங்களையும் பாக்கறேன்ல? பதினஞ்சு வருஷம். ஒரு லீவு லெட்டர்ல பொய் எழுதினது கெடையாது நீங்க. நாளைக்குப் பேப்பர்ல, ஒன்பது பேர் சாவுக்குக் காரணமான பெண் ஊழியர்னு போடுவான். போட்டோவோட. உங்க வீட்டுக்காரர் அப்புறம் எந்த பஸ்ல ஏறி டிக்கெட் குடுப்பாரு?"

அவர் கெட்டவர் இல்லை. அன்று மாலை அவளை வீடுவரை கொண்டு விட்டவர், வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் அழுதவர். அதனால்தான் இது கஷ்டமாக இருந்தது.

"பூங்கா முனைக்குப் போயிருந்தேன் சார்."

"இன்னைக்கா? எதுக்கு?"

"அங்க இப்பவும் கீழதான் விட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு, எங்க மிஷின் நல்லா இருக்குங்கறா."

மேற்பார்வையாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே மெக்கானிக் மூடியைப் பொருத்தி, திருகுகளை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு என்கிட்ட வழி கேக்கல," என்றாள் அவள். "தூண் எப்ப ஏறும்னு கேட்டான். நான் சொன்னேன். இன்னைக்கு அதே கேள்விய நான் அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன். அவளும் சொல்றா. யார் கேட்டாலும் சொல்லுவா சார். நம்மள யாரும் சொல்லாதேன்னு சொல்லல."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "இத கமிட்டியில சொல்லப் போறீங்களா?"

அவள் மேசையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"வேணாம்மா. தூண் விஷயத்த நான் பாத்துக்கறேன். இன்னைக்கே எல்லா முனைக்கும் போன் போட்டுச் சொல்லிடறேன், போதுமா? வாயால சொன்னாக் கேப்பாங்க."

"ஒரு மாசம் கேப்பாங்க," என்றாள் அவள்.

மேசையில் அவள் கைபேசி அதிர்ந்தது. கணவன். எடுத்தாள். பின்னணியில் பேருந்தின் இரைச்சல், யாரோ இறங்க வேண்டும் என்று கத்துவது.

"போட்டாச்சா?" என்றான்.

"இல்ல."

அவன் விசில் ஊதுவது கேட்டது. "மூணு மணிக்கு எனக்கு டிரிப் இல்ல," என்றான். "வாசல்ல நிக்கறேன். உள்ள விட மாட்டான்." வைத்துவிட்டான்.

மேற்பார்வையாளர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் பக்கம் நீட்டினார்.

"உங்களுக்காகக் கேக்கறேன்மா. எனக்காகவும்தான் வச்சுக்குங்களேன். ஒரே ஒரு கையெழுத்து."

அவள் பேனாவை வாங்கினாள். அவரைக் காக்க வைக்க வேண்டாம் என்று நினைத்தாள். அவர் கையிலிருந்த மூடியையும் வாங்கி, பேனாவை மூடினாள். காலியாக இருந்த கோட்டின் மேல் அதைக் குறுக்காக வைத்து, தாளோடு சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது வேண்டாம் சார்," என்றாள்.